உயிலில் இல்லாத பெயர்

முத்துக் குளிக்கும் கரையிலே ஒரு வழக்கைச் சொல்வார்கள். கடலடியில் மூச்சடக்கி மூழ்குகிறவனின் கயிற்றைத் தோணியின் மேலிருந்து பிடித்திருப்பவன் அவனுடைய அண்ணனும் அல்லன், தம்பியும் அல்லன். மனைவியோடு உடன்பிறந்த மைத்துனன். காரணம் எளிது. பங்காளி கயிற்றை நழுவவிட்டால் அவனுக்குச் சொத்து கிடைக்கும். மைத்துனன் நழுவவிட்டால் அவன் தங்கை தாலி இழப்பாள். ஆகவே தங்கை மீதுள்ள பாசத்தை நம்பித்தான் மூழ்குகிறவன் தன் உயிரை ஒப்படைத்தான். மனிதனின் மனத்தை அளந்து பார்த்து வைத்த வழக்கம் இது!

தூத்துக்குடியில் அரசு நடத்திய பெரிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கயிறும் போயிற்று, கயிறு பிடித்த மைத்துனனும் போனான். பங்காளி மட்டும் இன்னும் இருக்கிறான். கடலில் நழுவவிட முடியாத கயிற்றைக் கரையில் நழுவவிட அவனுக்கு ஒரு வழி தெரியும். அதன் பெயர் உயில்.

நம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் சில வாரங்களாகப் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். அவன் தகப்பனார் தோணியொன்றில் பங்குடையவர். கொஞ்சம் உப்பளமும் சொந்த வீடும் இருந்தன. நோயுற்றுக் கடைசி மாதத்தைத் தமையன் வீட்டில் கழித்து, அங்கேயே மறைந்தார். அடக்கம் முடிந்த சில நாட்களில் தமையனின் மக்கள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினர். தோணிப் பங்கு, உப்பளம், வீடு யாவும் அவர்களுக்கே என்றது அந்தத் தாள். மாணவனின் தாய் அதன் நகலை நம் கையில் கொடுத்தார். "சார், நானும் மூணு தடவ எழுத்துக்கூட்டிப் பாத்துட்டேன். எம் பேரு எங்கயாச்சும் இருக்கான்னு நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றார்.

பார்த்தோம். முதல் வரியிலிருந்து சாட்சிக் கையொப்பம் வரையில் தேடினோம். அந்தப் பெயர் இல்லை. பதினைந்து ஆண்டு வாழ்ந்த வாழ்க்கைக்கு ஒரு வரி இல்லை. "மனைவி" என்ற மூன்றெழுத்தும் இல்லை!

இலக்கியம் பயின்று, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வாழ்கிறவர்கள் நாம். ஒரு நூலில் சொல்லியிருப்பதைப் படிப்பது பாதிக் கல்வி. சொல்லாமல் விட்டிருப்பதைப் படிப்பது மறு பாதி என்று வகுப்பில் கூறுகிறோம். அந்த அளவுகோலை உயிலுக்கும் பொருத்திப் பார்த்தால் என்ன? உயிலும் ஒரு நூல்தான். அதற்கு ஆசிரியன் உண்டு, மரபு உண்டு, வழிவழி வந்த சொற்றொடர்கள் உண்டு. "சுயநினைவோடும், பூரண அறிவோடும், பிறர் தூண்டுதல் இன்றியும்" என்றுதான் அது தொடங்கும். தன்னைத் தூண்டியவர் எவருமில்லை என்று இத்தனை உறுதியாகச் சொல்லிக்கொண்டு தொடங்கும் நூல் வேறு எதுவும் உலகில் இல்லை! நாம் திறனாய எடுத்துக்கொண்டது இந்த நூலையும், இதற்கு உயிர் கொடுக்கும் சட்டத்தையும்தான்.

ஏடுகளில் கைம்பெண்

சட்டத்துக்குப் போகுமுன் இலக்கியத்தைக் கொஞ்சம் கேட்போம். காளிதாசனின் சாகுந்தலத்தில் ஆறாம் அங்கத்தில் ஒரு செய்தி வருகிறது. கடல் வாணிகன் ஒருவன் கலம் கவிழ்ந்து மாண்டான். பிள்ளையில்லை, ஆகவே அவன் செல்வம் மன்னனுக்கே என்று அமைச்சன் ஓலை அனுப்புகிறான். மன்னன் துஷ்யந்தன் சிந்திக்கிறான். செல்வனாயிற்றே, மனைவியர் பலர் இருப்பரே, அவர்களில் கருவுற்றவள் எவளேனும் உண்டா என்று கேட்கிறான். ஒருத்தி இருக்கிறாள் என்று விடை வருகிறது. அப்படியானால் தந்தையின் செல்வம் கருவிலிருக்கும் குழந்தைக்கே உரியது என்று தீர்ப்பளிக்கிறான். மன்னனின் நீதி என்று இதைப் புகழ்ந்து உரை செய்தோர் உண்டு. நாம் கேட்பது ஒன்றே. அந்த மனைவியர் என்ன ஆயினர்? அவர்களைப் பற்றி மன்னனும் கேட்கவில்லை, கவிஞனும் கேட்கவில்லை. வயிற்றிலிருப்பதற்கு உரிமை உண்டு. வயிற்றை உடையவளுக்கு இல்லை!

வடமொழி ஏட்டைக் குறை சொல்லிவிட்டு நம் ஏட்டை மூடி வைப்பது நேர்மையாகாது. காதலனை இழந்தவள் நோன்பிருந்து வாடும் நிலைக்குத் "தாபத நிலை" என்று பெயர் சூட்டி, அதைப் பாடுவதற்கு இலக்கணம் வகுத்தவர்கள் நாம். புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயும்போது பாடிய பாட்டு இருக்கிறது. கைம்மை உணவையும் கைம்மைப் படுக்கையையும் எண்ணிப் பார்த்து, அவற்றைவிட எரியும் ஈமமே மேல் என்று முடிவு செய்கிறாள் அந்த அரசி. வீரத்தின் சின்னம் என்று நம் புலவர்கள் உரை கூறுவர். அரசிக்கே கிடைத்தவை நோன்பும் நெருப்பும் என்றால், ஆண்டியின் மனைவிக்கு என்ன கிடைத்திருக்கும்?

இந்த இரண்டையும் மறுத்து, மூன்றாவது வழியில் நடந்தவள் ஒருத்திதான், கண்ணகி. அவள் நோன்பிருக்கவில்லை, தீயிலும் விழவில்லை. வழக்காடப் போனாள். அரசியின் சிலம்பில் பாண்டியநாட்டு முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள், வென்றாள். அவள் அவையேறி நிற்க முடிந்ததற்குக் கற்பைக் காரணம் காட்டுவோர் பலர். நாம் இன்னொன்றையும் காட்டுவோம். அவள் கையில் அவளுக்கே உரிய பொருளொன்று எஞ்சியிருந்தது. மற்றச் சிலம்பும் மாமன் மைத்துனர் பெட்டிக்குப் போயிருந்தால், எதை உடைத்து வழக்கை மெய்ப்பித்திருப்பாள்?

ஒரே கரை, மூன்று சட்டம்

இனிச் சட்டத்துக்கு வருவோம். தூத்துக்குடிக் கரையிலே மூன்று வீடுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று இந்துவின் வீடு, ஒன்று முஸ்லிமின் வீடு, ஒன்று கிறிஸ்தவரின் வீடு. மூன்றிலும் கணவன் மறைந்தான். மூன்றிலும் மனைவிக்கு ஒன்றுமில்லை என்று உயில் சொல்கிறது. அழுகை மூன்று வீட்டிலும் ஒன்றுதான். சட்டம் மட்டும் வேறு வேறு!

முஸ்லிமின் வீட்டில் அந்த உயில் ஓரளவுக்குமேல் செல்லாது. தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உயிலால் பிறருக்கு எழுத முடியும். மிச்சத்தில் மனைவியின் பங்கு நிலையானது. பிள்ளை இருந்தால் எட்டில் ஒன்று, இல்லையேல் நான்கில் ஒன்று. கணவனின் பங்கில் பாதியே மனைவியின் பங்கு என்பது சமத்துவமாகாது. உயிருள்ளபோதே தானமாகக் கொடுத்து இதைத் தட்டிக்கழிக்கவும் வழியுண்டு. ஆனாலும் அந்த எட்டில் ஒன்று, உயில் பிடுங்க முடியாத ஆணி. அருகிலுள்ள காயல்பட்டினத்திலோ வீட்டைப் பெண்ணுக்கே கொடுத்து, மாப்பிள்ளை அங்கு வந்து வாழும் வழக்கமே இருக்கிறது. அங்கே கணவன் இறந்தாலும் மனைவி நிற்பது தன் வீட்டுத் திண்ணையில்.

இந்துவின் வீட்டுக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கு மகனுக்கும் மகளுக்கும் சமமான பங்கைத் தந்தது. முழு உரிமையோடும் தந்தது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த ஆயுள்கால உரிமையோடு ஒப்பிட்டால் இது பெரும் புரட்சிதான். ஆனால் இது உயில் இல்லாத வீட்டுக்கு மட்டும்! அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு, தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம் என்கிறது. முன்வாசல் வழியே கொண்டுவந்த உரிமையைக் கொல்லை வழியே அனுப்பிவைக்கும் பிரிவு அது. விடுபட்ட மனைவிக்கு அதே 1956-இல் வந்த வேறொரு சட்டம், இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், தன் 22-ஆம் பிரிவால் ஒரு கைத்தடி கொடுத்திருக்கிறது. சொத்தை யார் எடுத்துக்கொண்டாரோ அவர் அந்தச் சொத்திலிருந்து அவளைப் பராமரிக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் மறுமணம் செய்துகொண்டால் கைத்தடி பறிபோகும். பங்கு கேட்டவளுக்குப் படி அளக்கிறார்கள். அதற்கும் கைம்மையைக் காவல் வைக்கிறார்கள்! மனைவியின் உயிலில் விடுபட்ட கணவனுக்கு அந்தப் படியும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம்.

மூன்றாவது வீடு நம் மாணவனின் வீடு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கு உரியது. உயில் இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளை இல்லாமல் உறவினர் மட்டும் இருந்தால் மனைவிக்குப் பாதி. கணவனுக்கும் அவ்வாறே. உயில் வந்துவிட்டாலோ மூன்றில் ஒன்றும் இல்லை, பாதியும் இல்லை, படியும் இல்லை. திருமணத்தால் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு உரிமை பிறப்பதில்லை என்கிறது 20-ஆம் பிரிவு. மனைவி கொண்டுவந்ததைக் கணவன் விழுங்காதிருக்க உதவும் பிரிவுதான் அது. ஆனால் இருவரும் சேர்ந்து தேடியதில் அவளுக்குப் பங்கில்லை என்று சொல்லவும் அதுவே பயன்படுகிறது. மூன்று கைம்பெண்களில் வெறுங்கையோடு நிற்பவள் இவளே.

வெற்றிடம் பேசியது

அப்படியானால் வழியே இல்லையா? ஒரு வழி இருக்கிறது. அது திறனாய்வு வழி! நாம் மேலே சொன்னோமே, சொல்லாமல் விட்டதையும் படிக்க வேண்டும் என்று. அதையே உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பஞ்சாபில் 1991-இல் ஒருவர் பெயரால் ஓர் உயில் வந்தது. சொத்து முழுவதும் உறவு முறையில் மகனாகிறவனுக்கு. மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவளை ஏன் விலக்கினார் என்பதற்கும் ஒரு சொல் இல்லை. குர்தியால் சிங் எதிர் ஜாகிர் கௌர் என்ற அந்த வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த மௌனத்தையே சான்றாகப் படித்தது. மனைவி இருக்கிறாள் என்பதையே மறந்த உயில், எழுதியவரின் சொந்த மனத்திலிருந்து வந்ததாக இருக்க முடியாது என்று கண்டு, அதைத் தள்ளிற்று. ஐயத்துக்கிடமான சூழ்நிலை இருந்தால் அதை நீக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவனுக்கே என்று 1958-இலேயே வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் அந்த நீதிமன்றம் விதித்த நெறியின் வளர்ச்சி இது.

மகிழ்கிறோம். ஆனால் மயங்கமாட்டோம். 1991-இல் பிறந்த தாளுக்கு 2025-இல் தீர்ப்பு! வழக்காடிய இருவருமே அதற்குள் இறந்துவிட்டனர். அன்றியும், விலக்கியது ஒன்றே உயிலைக் கெடுக்காது. மற்றச் சூழ்நிலைகளோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். "என் மனைவிக்கு நான் ஒன்றும் வைக்கவில்லை" என்று ஒரு வரியைக் கெட்டிக்கார எழுத்தர் சேர்த்து எழுதிவிட்டால் அந்த மௌனமும் சான்றாகாது. இந்தத் தீர்ப்பு பொய் உயிலிலிருந்து காக்கும். மெய்யான உயிலிலிருந்து காக்காது. கொடுமை மெய்யாகவே எழுதப்பட்டால் சட்டத்துக்குச் சம்மதமா?

பெயர் இருந்தும் பயனில்லாத உயிலும் உண்டு. "என் மனைவி ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது; விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையில்லை." இது நம் நாட்டு உயில்களின் பல்லவி. கணவன் கண் மூடிய பின்னும் கணக்குப்பிள்ளையாக அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறான்! பராமரிப்பு உரிமைக்கு ஈடாகக் கிடைத்த சொத்து இந்துப் பெண்ணுக்கு முழு உடைமையாகும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்குப்பிள்ளையை எழுப்பி அனுப்பியது. ஆயினும் பின்வந்த தீர்ப்புகள் ஒத்துப்போகாமையால், 2024 டிசம்பரில் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

கப்பலேறி வந்த கொள்கை

"அவன் தேடிய சொத்து, அவன் விருப்பம். உடைமையில் தலையிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு, நம் தோழர்களிலும் உண்டு. விடை சொல்வோம்.

எழுதுபவன் விருப்பமே சட்டம் என்னும் இந்தக் கொள்கை இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. அனுப்பிய நாடு அதை வைத்துக்கொண்டிருக்கிறதா? இல்லை. 1900-இலேயே நியூசிலாந்து, உயிலில் விடுபட்ட மனைவி மக்களுக்கு நீதிமன்றம் சொத்திலிருந்து வழங்கலாம் என்று சட்டம் செய்தது. 1938-இல் இங்கிலாந்தும் அந்த வழிக்கு வந்து, 1975-இல் அதை இன்னும் விரித்தது. வாங்கிய நாம் மட்டும் 1925-ஆம் ஆண்டின் பழஞ்சரக்கைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறோம்!

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் துறைமுகத்துக்கு எதிர்க்கரையைப் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கத்தை டச்சுக்காரர்கள் 1707-இல் தேசவழமை என்று எழுதிவைத்தனர். மணவாழ்வின்போது சேர்ந்த பொருளுக்கு அங்கே "தேடிய தேட்டம்" என்று பெயர். எத்தனை அழகிய தமிழ்ச்சொல்! இருவரும் கூடி வாழ்ந்து தேடியது. ஆகவே அது இருவருக்கும் பொது, ஒருவர் இறந்தால் பாதி மற்றவருடையது என்றது 1911-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பாதி அவளுடையதே. அதைக் கணவன் எப்படி எழுதிவைப்பான்? 1947-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கூட்டுரிமையைத் தளர்த்திவிட்டது என்பது வருந்தத்தக்கது. ஆனால் அந்தச் சொல் தமிழில் இருக்கிறது, கருத்தும் இருக்கிறது. கோவாவிலே போர்த்துகீசியர் விட்டுச்சென்ற 1867-ஆம் ஆண்டுச் சட்டமும் மணமக்கள் சொத்தைப் பொதுவாக்கி, பாதியைத் துணைக்கு நிறுத்துகிறது. அதே போர்த்துகீசியர் 1658 வரை நம் கரையிலும் இருந்தவர்கள். இங்கே கோயில் இருக்கிறது. அந்தச் சட்டம் இல்லை.

"அவன் தேடியது" என்கிறீர்களே, யார் தேடியது? அவன் தோணியில் கொழும்புக்குப் போனான். வீட்டைக் கட்டிக் காத்தவள் யார்? உப்பளத்தில் வெயிலில் நின்றவள் யார்? நோயில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவள் யார்? தோணியின் விலையைப் பத்திரம் சொல்லும். கஞ்சியின் விலையை எந்தப் பத்திரம் சொல்லும்? அவள் உழைப்புக்குக் கூலிச்சீட்டு இல்லாததால் உழைப்பே இல்லையென்று ஆகிவிடுமா?

1929-இல் செங்கல்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை என்று தீர்மானம் போட்டது. 1989-இல் தமிழ்நாடு மகளுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005-இல் இந்தியா முழுவதும் அது வந்தது. இவையெல்லாம் பெருமைக்குரிய படிகள். ஆனால் ஒவ்வொரு படியிலும் உயிலின் கதவு மட்டும் திறந்தே கிடந்தது. 1974-இல் பெண்கள் நிலையை ஆய்ந்த "சமத்துவத்தை நோக்கி" என்ற அறிக்கை, உயில் எழுதும் உரிமைக்கு வரம்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டாகிவிட்டது. பரிந்துரை ஏட்டில் இருக்கிறது. கதவு காற்றில் ஆடுகிறது.

நாம் கேட்பது பெரிதன்று. மதம் எதுவாயினும், கணவனாயினும் மனைவியாயினும், வாழ்ந்த துணைக்குச் சொத்தில் ஒரு பங்கு நிற்கட்டும். அந்தப் பங்கை எந்த உயிலாலும் அழிக்க முடியாது என்று சட்டம் சொல்லட்டும். மறுமணம் அதைப் பறிக்காதிருக்கட்டும். மிச்சத்தை அவரவர் விருப்பம்போல எழுதிக்கொள்ளட்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. ஊரில் எந்தக் கைம்பெண்ணின் முன்னும் ஓர் உயில் நீட்டப்பட்டால், இளைஞர்களே, நீங்கள் அந்த வீட்டுக்குப் போங்கள். தாளைக் காட்டியதும் கையொப்பமிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பதிவு செய்த உயிலும் தானாக மெய்யாகிவிடாது. சாட்சியிட்ட இருவரில் ஒருவரேனும், உயிரோடிருந்தால், நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டும். கிறிஸ்தவரின் உயிலில் பயன் பெறுபவனே சாட்சியிட்டிருந்தால் அவனுக்கு எழுதியது செல்லாது. அவர் மணத்துக்கு முன் எழுதிய உயில் மணத்தோடு போய்விடும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. கைம்பெண்ணுக்கும் அது உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்ணாயின் வருமானம் பாராமல் இலவச உதவி கிடைக்கும். நாளை நீங்கள் மணம் செய்து ஒரு மனை வாங்கினால், இரண்டு பெயரில் வாங்குங்கள். சீர்திருத்தம் மேடையிலிருந்து பத்திரத்துக்கு வரட்டும்!

அந்த அம்மையார் இன்று உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார். போன ஆண்டு தம்முடையதாக இருந்த பாத்தியைக் கடந்துதான் போகிறார். வழக்குப் பதிவாகியிருக்கிறது, எப்போது முடியுமோ தெரியாது. பையன் மறுபடியும் வகுப்புக்கு வருகிறான். அண்மையில் ஒரு விண்ணப்பத்தாளை நிரப்பச் சொன்னோம். தந்தை பெயர் என்று கேட்ட இடத்தில் எழுதினான். தாயின் பெயருக்கு அந்தத் தாளில் இடமில்லை. ஓரத்தில் தானாகவே எழுதி வைத்திருந்தான். அடித்துவிடச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.